ஒற்றைக் காலில் நிற்கும்போது

'இடுப்பு' என்னும் சொல்லைத் தமிழர் நாம் மிகத் தாராளமாக வழங்குகிறோம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு. வேட்டியை இறுக்கிக் கட்டும் இடமும் இடுப்பு. குனிந்து நிமிரும்போது பிடித்துக்கொள்ளும் முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. பேச்சுக்கு இது போதும். ஆனால், உடலின் அமைப்பை ஆராயப் புகும்போது இது போதாது. ஏனெனில், இம்மூன்று இடங்களில் ஒன்றிலும் இடுப்பு மூட்டு இல்லை!

அம்மூட்டு இருக்கும் இடம் வேறு. நாற்காலியில் அமர்ந்தபடியே தொடையைச் சற்று மேலே தூக்குங்கள். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுகிறதல்லவா? அம்மடிப்பின் நடுப்பகுதிக்கு நேர் பின்னே, தசைகளுக்கு அடியில், ஆழப் புதைந்து கிடக்கிறது இடுப்பு மூட்டு. ஆகவே, மூட்டில் கோளாறு நேர்ந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தோன்றும். சில வேளைகளில் தொடையின் முன்புறமாக இறங்கி முழங்காலிலும் தோன்றும். இடுப்பு மூட்டுக்குக் கிளை அனுப்பும் நரம்புகளே முழங்காலுக்கும் கிளை அனுப்புகின்றன. அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று அறிய மாட்டாமல் மூளை மயங்குகிறது. முழங்கால் வலிக்கிறதென்று அழும் சிறுவனுடைய இடுப்பு மூட்டையும் மருத்துவர் அசைத்துப் பார்ப்பது இதனால்தான்.

இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் நம்மவர்க்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'இடுப்பு' என்பதைக் 'கமர்' என்று பெயர்த்துச் சொன்னால், கேட்பவர் முதுகெலும்பின் அடிப்பகுதியையே எண்ணுவார். இடுப்பு மூட்டு அமைந்த பகுதிக்கு அம்மொழியில் 'கூல்ஹா' என்ற தனிச்சொல் இருக்கிறது. எம்மொழியில் பேசினாலும் சரி, மருத்துவரிடம் வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிடுவதே நல்லது.

இனி, இம்மூட்டு எவ்வாறு அமைந்துள்ளது, எவ்வளவு பாரம் சுமக்கிறது, எந்த இடத்தில் வலுக்குறைந்து நிற்கிறது என்ற மூன்றையும் முறையே காண்போம். மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

கிண்ணமும் பந்தும்

தொடை எலும்பே நம் உடலின் மிக நீண்ட எலும்பு. மிக வலிய எலும்பும் அதுவே. ஒருவருடைய உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அதன் நீளம். அதன் மேல்முனை உட்புறமாகத் திரும்பி, ஒரு கழுத்தாக நீண்டு, உருண்டையான ஒரு தலையில் முடிகிறது. வளர்ந்தவர்களிடம் இத்தலை ஏறக்குறைய 4½ முதல் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ளது. ஒரு முழுக் கோளத்தின் மூன்றில் இரண்டு பங்கு எனலாம். இதுதான் பந்து.

பந்தை ஏற்றுக்கொள்ளும் கிண்ணம் இடுப்பெலும்பில் இருக்கிறது. உரோமானியர் காடி வைக்கும் சிறு கிண்ணத்துக்கு 'அசிடாபுலம்' என்று பெயரிட்டிருந்தனர்; அப்பெயரையே இக்குழிக்கும் வைத்தனர். இக்கிண்ணம் ஒரே எலும்பால் ஆனதன்று. விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் அகன்ற எலும்பு, தரையில் அமரும்போது ஊன்றும் எலும்பு, அடிவயிற்றின் கீழ் முன்புறமுள்ள எலும்பு ஆகிய மூன்றும் கிண்ணத்தின் நடுவே வந்து கூடுகின்றன. பிள்ளைப் பருவத்தில் இம்மூன்றுக்கும் இடையே குருத்தெலும்பு இருக்கும். பதின்பருவத்தில்தான் மூன்றும் ஒன்றாக இறுகும்.

பந்து சரியான இடத்தில் அமர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால்தான் கிண்ணமும் சரியான வட்டமாக வளரும். பிறந்த குழந்தையின் கால்களை நீட்டி இறுக்கிச் சுற்றி வைப்பது நல்லதன்று என்று மருத்துவர் சொல்வதன் காரணம் இதுவே; அந்நிலையில் பந்து கிண்ணத்தை விட்டு விலகப் பார்க்கும். மாறாக, நம் தாய்மார் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும்போது, குழந்தையின் தொடைகள் இரு புறமும் விரிந்து, பந்து கிண்ணத்துக்குள் நன்கு பொருந்துகிறது.

பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளேயும் சில மில்லிமீட்டர் கனமுள்ள வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. கிண்ணத்தில் இப்போர்வை முழு வட்டமாக இராமல் குதிரை இலாட வடிவில் அமைந்துள்ளது. இரண்டுக்கும் இடையே மெல்லிய படலமாகப் பசைநீர் பரவியிருக்கும். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்கும்போது உண்டாகும் உராய்வைக் காட்டிலும் இங்கே உராய்வு குறைவு. ஆனால், இக்குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாமையால் அது தேயத் தொடங்குவது நெடுநாள் நமக்குத் தெரிவதில்லை. இரத்தம் இல்லாமையால் தேய்ந்தது மீண்டும் சரிவர வளர்வதுமில்லை. தனக்கு வேண்டிய உணவை அது பசைநீரிலிருந்தே பெறுகிறது. மூட்டை அசைக்க அசைக்கத்தான் அந்நீர் குருத்தெலும்பினுள் புகுந்து வெளிவரும். நடத்தல் மூட்டைத் தேய்த்துவிடும் என்று அஞ்சுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கழன்று விழாதது ஏன்?

தோளும் பந்துக் கிண்ண மூட்டுத்தான். அங்கே கிண்ணம் தட்டைப் போல ஆழமற்றது. ஆகவே, கை எப்பக்கமும் சுழல்கிறது. எளிதில் நழுவியும் விடுகிறது. இடுப்பிலோ கிண்ணம் ஆழமானது. போதாததற்கு, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நார்க்குருத்தெலும்பால் ஆன ஒரு வளையமும் உண்டு. அது குழியை மேலும் ஆழமாக்கிப் பந்தைக் கவ்விக்கொள்கிறது.

இங்கே இயற்பியல் மாணவர்க்குப் பழக்கமான ஒரு பெயர் வருகிறது. காந்தப் பாய்வின் அலகுக்கு 'வெபர்' என்று பெயரிட்டிருக்கிறோமே, அந்த வில்ஹெல்ம் வெபரும் உடற்கூற்று அறிஞரான அவருடைய தம்பி எடுவர்ட் வெபரும் சேர்ந்து மனித நடையைப் பற்றி 1836-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் இறந்த உடலொன்றில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளையும் மூட்டுறையையும் அறுத்துவிட்டார்கள். அப்போதும் கால் கீழே விழவில்லை. கிண்ணத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. பிறகு உட்புறமிருந்து கிண்ணத்தில் ஒரு சிறு துளை இட்டார்கள். காற்று உள்ளே புகுந்ததும் பந்து கிண்ணத்தை விட்டு இறங்கிவிட்டது! மூட்டைப் பிடித்திருந்தது காற்றழுத்தமே என்று அவர்கள் காட்டினார்கள். கணக்கிட்டுப் பார்த்தாலும் இது பொருந்தும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் வளி ஏறத்தாழ 1 கிலோ எடையளவு அழுத்துகிறது. ஆக 20 கிலோ. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு காலோ ஏறக்குறைய 10 கிலோத்தான்.

மூட்டுறையின் மேல் மூன்று வலிய நார்ப்பட்டைகள் பிணைந்துள்ளன. இவற்றுள் முன்புறம் இருப்பது தலைகீழான 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்றது. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவரான ஹென்றி பிகெலோவின் பெயரால் இது வழங்குகிறது. உடலில் உள்ள மூட்டுப்பட்டைகளில் இதுவே மிக வலியது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது மூன்று பட்டைகளும் துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு பந்தைக் கிண்ணத்தில் இறுக்குகின்றன. நிற்கும்போது நம் உடலின் பாரக்கோடு இடுப்பு மூட்டுக்குச் சற்றுப் பின்னே விழுகிறது. பின்னோக்கிச் சாயப் பார்க்கும் உடலை முன்புறப் பட்டை பிடித்து நிறுத்துகிறது. அதனால்தான் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் இடுப்புத் தசைகள் அதிகம் உழைக்க வேண்டுவதில்லை.

அமர்ந்தவுடன் இம்முறுக்கு அவிழ்கிறது, பட்டைகள் தளர்கின்றன. ஆகவே, தொடை விருப்பம்போல் மடங்கவும் விரியவும் முடிகிறது. சம்மணமிட்டு அமர்வதைப் பாருங்கள். தொடை முன்னே மடங்குகிறது, வெளிப்புறம் விரிகிறது, தன் அச்சிலேயே வெளிநோக்கிச் சுழல்கிறது. மூன்று அசைவுகளும் ஒரே நேரத்தில்! இவற்றுக்குத் துணைசெய்யும் நீண்ட தசைக்கு ஐரோப்பியர் 'தையற்காரர் தசை' என்று பெயரிட்டனர். அக்காலத் தையற்காரர் சம்மணமிட்டு அமர்ந்தே தைத்தனர். பட்டைகள் தளர்ந்திருக்கும் இந்நிலையில் ஒரு தீங்கும் உண்டு. காரில் அமர்ந்து செல்வோரின் முழங்கால் விபத்தில் முன்பலகையில் மோதினால், பந்து கிண்ணத்திலிருந்து பின்புறமாக நழுவக்கூடும்.

ஒற்றைக் கால் கணக்கு

பிடிவாதக்காரனை 'ஒற்றைக் காலில் நிற்கிறான்' என்கிறோம். உண்மையில் நடக்கும்போது நாம் எல்லோரும் பெரும்பாலும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இயல்பான நடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஒரு கால்தான் தரையில் இருக்கிறது. இதனால் இடுப்பு மூட்டுக்கு எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பதை எளிய நெம்புகோல் கணக்கால் அறியலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரு காலிலும் அவர் சமமாக நிற்கிறார். கால்கள் இரண்டும் சேர்ந்து 20 கிலோ. அவை மூட்டுக்குக் கீழே இருப்பவை. மீதி 40 கிலோவை இரு மூட்டுகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆளுக்கு 20 கிலோ. இது பெரிய பாரமன்று.

இப்போது அவர் இடக்காலைத் தூக்குகிறார். வல இடுப்பு மூட்டின் மேல், தூக்கிய காலையும் சேர்த்து, 50 கிலோ இருக்கிறது. ஆனால் இப்பாரம் மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுப்பக்கமாக ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. தடுப்பார் இல்லாவிட்டால் இடுப்பு இடப்பக்கமாகச் சரிந்துவிடும். தடுப்பது எது? வல இடுப்பின் பக்கவாட்டிலுள்ள தசைகள். இடுப்பெலும்பின் அகன்ற பரப்பிலிருந்து புறப்பட்டுத் தொடை எலும்பின் வெளிப்புற முகட்டில் வந்து பற்றும் இத்தசைகள், இடுப்பைக் கீழ்நோக்கி இழுத்துச் சமனாக வைக்கின்றன. உங்கள் கையை இடுப்பின் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுகாலைத் தூக்கிப் பாருங்கள். கைக்கு அடியில் தசை கல்லாக இறுகுவதை உணரலாம்.

இத்தசைகள் மூட்டின் மறுபக்கத்தில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவில் இருந்துதான் இழுக்கின்றன. பாரத்தின் தொலைவில் பாதி. ஆகவே, அவை இரு மடங்கு விசையுடன் இழுக்க வேண்டும்: 50 × 10 ÷ 5 = 100 கிலோ. மேலிருந்து அழுத்தும் 50 கிலோவும் தசை இழுக்கும் 100 கிலோவும் ஒரே மூட்டின் மேல் வந்து விழுகின்றன. மொத்தம் 150 கிலோ! உடல் எடையில் இரண்டரை மடங்கு.

இது தாளில் போட்ட கணக்கு. உண்மையில் எவ்வளவு? மூட்டு மாற்று அறுவை செய்துகொண்ட சிலருக்கு, விசையை அளந்து வானொலி வழியே செய்தி அனுப்பும் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளைப் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் வைத்தனர். பெர்க்மனும் அவர்தம் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது மூட்டின் மேல் உடல் எடையைப் போல் சராசரி 2.38 மடங்கும், படி ஏறும்போது 2.51 மடங்கும், இறங்கும்போது 2.60 மடங்கும் பாரம் விழுகிறது. கால் தடுக்கித் தடுமாறும் நொடியில் ஏழு மடங்குக்கும் மேல் செல்வதை அவர்கள் அதற்கு முன்னரே அளந்திருந்தனர். நாளொன்றுக்கு 5,000 அடி நடப்பவரின் ஒவ்வொரு மூட்டும் இச்சுமையை ஆண்டில் 9 இலட்சம் முறை தாங்குகிறது.

பக்கத் தசைகள் வலுவிழந்தால் ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தாழ்ந்துவிடும். இவ்வறிகுறியை 1895-இல் விளக்கியவர் ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டலன்பர்க். இன்றும் மருத்துவர் நம்மை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பது இதற்காகவே. சிம்பன்சியின் இடுப்பெலும்பு முதுகுப்புறமாகத் திரும்பியிருப்பதால் இதே தசைகள் பின்னிழுக்கும் வேலையைச் செய்கின்றன. அதனால் அது இரு காலில் நடக்கும்போது பக்கவாட்டில் ஆடி ஆடி நடக்கிறது. மனிதனுக்கோ அவ்வெலும்பு பக்கவாட்டில் திரும்பி வளைந்துள்ளது. 1974-இல் எத்தியோப்பியாவில் கண்டெடுக்கப்பட்ட 'லூசி' என்னும் பெண்ணுருவின் இடுப்பெலும்பு, ஏறக்குறைய 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மாற்றம் நேர்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஊன்றுகோல் எந்தக் கையில்?

மேற்கண்ட கணக்கு வகுப்பறையோடு நிற்பதன்று. வல இடுப்பு மூட்டில் வலியுள்ள பாட்டி எந்தக் கையில் கோலை ஊன்ற வேண்டும்? நம்மில் பலர் வலக்கை என்போம். வலிக்கும் பக்கத்தைத் தாங்க வேண்டாமா என்று தோன்றும். விடை இடக்கை. எப்படியென்று பாருங்கள்.

இடக்கைக் கோல் வல மூட்டிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தொலைவில் ஊன்றுகிறது. அதன் மேல் 5 கிலோ எடையளவு அழுத்தினால் போதும். சரியப் பார்க்கும் இடுப்பை அக்கோல் 5 × 40 = 200 அளவு தாங்கிவிடுகிறது. தசைகள் ஈடுசெய்ய வேண்டியது 500-இல் 200 போக 300. அதற்கு 300 ÷ 5 = 60 கிலோ விசை போதும். மூட்டின் மேல் விழுவது இந்த 60-உம், கோல் தாங்கிய 5 போக மீதி 45-உம் ஆக 105 கிலோ. கோலின் மேல் வைத்தது 5 கிலோ. மூட்டுக்குக் குறைந்தது 45 கிலோ! வலக்கையில் ஊன்றினால் கோல் மூட்டுக்கு அருகிலேயே இருப்பதால் இந்நன்மை கிட்டாது. 'கைத்தடியைத் தூக்கி எறியாதீர்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு, அமெரிக்க மருத்துவர் வால்டர் பிளவுண்ட் 1956-இலேயே ஒரு கட்டுரை எழுதினார். கைத்தடியை இழிவாக எண்ணி மறைத்து வைக்கும் முதியோர்க்கு அக்கட்டுரை இன்றும் பொருந்தும்.

சுமைக்கும் இக்கணக்கே. 10 கிலோ பையை இடக்கையில் தூக்கினால் வல மூட்டின் பாரம் 150-லிருந்து 240 கிலோவாக ஏறும். அதையே வலக்கையில் தூக்கினால் அது மூட்டின் வெளிப்புறத்தில் 20 சென்டிமீட்டர் தள்ளி நின்று தசைகளுக்கு உதவுவதால் 120 கிலோவாகக் குறையும். ஆகவே, கோல் வலிக்காத பக்கத்தில். சுமை வலிக்கும் பக்கத்தில். மூட்டு நோயுள்ளோர் வலிக்கும் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து நடப்பதையும் பார்த்திருப்பீர்கள். பாரத்தை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்து தசையின் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும் வழி அது. பள்ளிக்கூடம் போகாத உடலும் நெம்புகோல் கணக்கை அறிந்திருக்கிறது!

கழுத்தின் கதை

தசைகள் மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி நின்று இழுக்க முடிவது எதனால்? தொடை எலும்புக்குக் கழுத்து இருப்பதால். தண்டோடு ஏறக்குறைய 125 பாகைக் கோணத்தில் அது உட்புறமாக நீள்கிறது. கழுத்து இல்லாவிட்டால் நெம்புகோலின் கை இன்னும் குறுகிப் பாரம் இன்னும் ஏறும். காலை அகல விரிக்கவும் இயலாது. ஆனால், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தைப் போல இக்கழுத்து ஒவ்வோர் அடிக்கும் வளைக்கப்படுகிறது.

இயற்கை இதற்குச் செய்த ஏற்பாட்டை 1866-இல் சூரிச் நகரத்தில் ஒரு பொறியியலாளர் கண்டு வியந்தார். உடற்கூற்றுப் பேராசிரியர் ஹெர்மன் மேயர் தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்து, உள்ளே இருந்த நுண்ணிய எலும்பு இழைகளின் வரிசையைக் காட்டினார். பாலங்கள் பற்றிய கணக்கில் வல்லவரான கார்ல் குல்மன், பாரந்தூக்கி ஒன்றின் வளைந்த கையில் தாம் வரையும் விசைக்கோடுகளும் இவ்விழைகளும் ஒத்திருப்பதைக் கண்டார். விசை செல்லும் வழியிலேயே எலும்பு தன்னைக் கட்டிக்கொள்கிறது. விசை மாறினால் கட்டும் மாறும். யூலியஸ் வொல்ஃப் 1892-இல் இதை ஒரு விதியாக வகுத்தார். நடப்பவரின் எலும்பு வலுப்பதும் படுத்தே கிடப்பவரின் எலும்பு மெலிவதும் இவ்விதியின்படியே.

முதுமையில், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம், இவ்விழைகள் ஒவ்வொன்றாய் மெலிந்து அறுகின்றன. அப்போது ஈரத் தரையில் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தாலே கழுத்து முறிந்துவிடும். இங்கேதான் இம்மூட்டின் மிகப் பெரிய குறை வெளிப்படுகிறது. பந்துக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தை ஒட்டி மேலேறும் மெல்லிய குழாய்கள் வழியே வருகிறது. கிண்ணத்தின் உள்ளிருந்து ஒரு சிறு நாணோடு வரும் குழாய் வளர்ந்தவர்க்குப் போதாது. கழுத்து முறிந்தால் அக்குழாய்களும் அறுபடலாம். அறுபட்டால், பந்து வேர் அறுந்த மரம்போல் மெல்ல மடியும்.

முன்கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சேர்த்துவிடுகிறோம். அதே நம்பிக்கையில், விழுந்த பாட்டிக்கு எண்ணெய் தடவி நீவுவதும், கட்டுக் கட்டிப் படுக்க வைத்து ஆறு வாரம் காத்திருப்பதும் இன்றும் பல வீடுகளில் நடக்கின்றன. தொடை எலும்பின் கழுத்துக்கு இது பொருந்தாது. இரத்தம் குறைவு, தசைகள் எலும்பை மேலே இழுத்தபடியே இருக்கின்றன, முறிந்த பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. படுத்த படுக்கையில் சளி கட்டி நுரையீரல் அழலும். முதுகில் புண் வரும். காலில் இரத்தம் உறையும். பல நாட்டு ஆய்வுகளில், இடுப்பருகே எலும்பு முறிந்த முதியோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் நான்கில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். ஆகவேதான், கூடியவரை இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே எழுப்பி நிறுத்த மருத்துவர் முயல்கின்றனர்.

அடையாளமும் எளிது. விழுந்தவர் எழ முடியவில்லை. தொடை இடுக்கில் வலி. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடக்கிறது. இவற்றைக் கண்டால் காலை இழுத்து நேராக்க முயலாமல், அசையாமல் வைத்து, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிலருக்கு முறிவு ஒன்றில் ஒன்று செருகி நிற்பதால் நடக்கவும் முடியும். ஆகவே, நடக்கிறாரே என்று விட்டுவிடுவதும் தவறு.

இளைஞர்க்கும் உண்டு

இது முதியோர் கதை என்று நாம் ஒதுங்க இடமில்லை. எலும்பு முறியாமலே பந்துக்கு இரத்தம் குறைந்து அது மடியும் நோய் இருபது, முப்பது வயதினரையும் பற்றுகிறது. நம் நாட்டில் இளம் வயதில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்ள நேர்வதன் முதன்மைக் காரணங்களுள் இது ஒன்று. மிகுதியான மதுவும், அதிக அளவில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகளும் இதற்கு இட்டுச் செல்வன. 2021-இல், கொரோனாவுக்காக ஸ்டீராய்டு பெற்று மீண்டவர் சிலரிடம் இந்நோயைக் கண்டதாக மும்பை மருத்துவர்கள் அறிவித்தனர். ஸ்டீராய்டு தீய மருந்தன்று. உயிர் காக்கும் மருந்து. மருத்துவர் சொன்ன அளவில் உட்கொண்டு, அவர் சொன்னபடியே குறைத்து நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று எழுதப்படாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் இம்மருந்தைக் கலந்து விற்பதுண்டு. உடல் பருக்க வேண்டும், மூட்டுவலி உடனே தீர வேண்டும் என்று அவற்றை விழுங்குவதே ஆபத்து.

இந்நோயில் தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்-ரே படம் குறையொன்றும் காட்டாமல் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் காட்டிவிடும். பந்து தட்டையாகுமுன் கண்டுகொண்டால் மூட்டைக் காக்க வழிகள் உண்டு. தொடை இடுக்கில் வாரக்கணக்கில் நீடிக்கும் வலியை 'வாயுப் பிடிப்பு' என்று தள்ளிப்போடலாகாது.

மூட்டு முற்றும் கெட்டுவிட்டாலும் இன்று வழியுண்டு. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர், உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து மூட்டை மாற்ற முயன்றார். முதலில் அவர் தேர்ந்த டெஃப்லான் கிண்ணம் சில ஆண்டுகளில் தேய்ந்துபோயிற்று. அவர் மனம் தளராமல், அடர்த்தி மிக்க பாலிஎதிலீனைக் கொண்டு 1962 நவம்பரில் மீண்டும் தொடங்கினார். அதுவே நிலைத்தது. உராய்வைக் குறைக்க வேண்டி, 5 சென்டிமீட்டர் இருந்த பந்தை 2¼ சென்டிமீட்டர் அளவுக்கும் சிறிதாக்கினார் அவர். 'லான்செட்' இதழில் 2007-இல் வெளியான ஒரு கட்டுரை இதனை 'நூற்றாண்டின் அறுவை' என்று சிறப்பித்தது. எனினும், செயற்கை மூட்டு பிறவி மூட்டுக்கு ஈடாகாது. தரையில் சம்மணமிட்டு அமர்வதையும் குந்தியிருப்பதையும் தவிர்க்கும்படியே பலர்க்கும் அறிவுரை கூறப்படுகிறது. பந்தியில் இலை முன் அமர்வதும், பேரனோடு தரையில் விளையாடுவதும் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அவற்றை இழந்தவரே அறிவர்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் இனிப்பும் துணியும் வாங்கிச் செல்வது வழக்கம். இம்முறை இன்னும் சிலவற்றையும் செய்யலாம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதிக்கச் செய்யுங்கள்; தரை வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள்; இரவில் எழுந்து நடக்கும் வழியில் ஒரு சிறு விளக்கு வையுங்கள். தாத்தாவும் பாட்டியும் எந்தக் கையில் கோல் ஊன்றுகிறார்கள் என்றும் கவனியுங்கள். வலிக்கும் பக்கத்திலேயே ஊன்றினால், மறுகைக்கு மாற்றிக் கொடுத்து நாலு அடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் கணக்கைச் சொல்லலாம்; ஆனால், நாலாவது அடியிலேயே அவர்கள் மூட்டு அதைச் சொல்லிவிடும்.